‘இன்று பறக்க முடியாது’ என்று சொல்ல முடியுமா?

அந்த மின்னஞ்சல் 2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை காலை வந்தது. பினாங்கில் சட்டமன்றத் தேர்தல் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு வந்து அப்போதுதான் படுத்திருந்தேன். கைத்தொலைபேசியைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சார்ட்டர் எனப்படும் வாடகை விமான நிறுவனம் ஒன்று என்னைத் துணை விமானியாகத் தேர்ந்தெடுத்திருந்தது. பதில் சொல்ல ஏழு நாள் அவகாசம்.

விமானி உரிமம் என் கைக்கு வந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் ஒரு நாள்கூட நான் விமானியாகச் சம்பளம் வாங்கியதில்லை. அம்மா உடனே சாமி அறைக்குப் போய் விளக்கேற்றினார். பெரியப்பாவுக்குத் தகவல் போனது. குடும்பப் புலனக் குழுவில் வாழ்த்துகள் குவிந்தன. எல்லாரும் முடிவு ஆகிவிட்டது என்றே நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஏழு நாளில் நான் கற்றதைப் பயிற்சிக் கழகத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. விமானி ஆக வேண்டும் என்று ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்காக வீட்டை அடமானம் வைக்க யோசிக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பேருந்தும் வாடகைப் பேருந்தும்

அப்பாவின் முதல் கேள்வி, “மாஸா, ஏர் ஆசியாவா?” என்பதுதான். இரண்டும் இல்லை, சார்ட்டர் என்றேன். “அப்படின்னா என்னப்பா?” என்றார்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வரும் பேருந்துகளை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். ரேபிட் பேருந்து ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அட்டவணைப்படி ஓடும். ஏறுகிறவர்கள் தனித்தனியே டிக்கெட் எடுப்பார்கள். சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு குழு பிடித்துக்கொண்டு வரும் பேருந்து அப்படியல்ல. முழுப் பேருந்தையும் ஒருவர் வாடகைக்கு எடுக்கிறார். எப்போது கிளம்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவரே சொல்கிறார். சார்ட்டர் விமானமும் அதுபோலத்தான். தீவுக்குப் போகும் சுற்றுப்பயணிகள், உம்ரா பயணிகள், அவசர நோயாளி, பெரிய முதலாளி என்று யார் வாடகைக்கு எடுக்கிறாரோ, அவருடைய நேரம்தான் விமானத்தின் நேரம்.

நம் நாட்டில் இரண்டுக்கும் அனுமதியே வேறு. அட்டவணைப்படி பறக்கும் நிறுவனத்துக்கு ஏ.எஸ்.எல். என்ற உரிமம் வேண்டும். அட்டவணை இல்லாமல் பறக்கும் நிறுவனத்துக்கு ஏ.எஸ்.பி. என்ற அனுமதி வேண்டும். முன்பு இவற்றை மாவ்கோம் ஆணையம் வழங்கியது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தப் பொறுப்பு, சி.ஏ.ஏ.எம். எனப்படும் மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் போய்விட்டது. இவை வணிக அனுமதிகள். பாதுகாப்பாகப் பறக்கும் தகுதி இருக்கிறது என்பதற்கான ஏ.ஓ.சி. சான்றிதழை இரு வகை நிறுவனமும் சி.ஏ.ஏ.எம்.மிடம் பெற வேண்டும்.

சார்ட்டர் என்றதும் நம் மக்களில் பலர் ‘பெரிய கம்பெனியில் கிடைக்கவில்லையா?’ என்று இரக்கப்படுகிறார்கள். ஆனால் இந்த வட்டாரத்தின் விமான வரலாறு வாடகைப் பயணத்தில்தான் தொடங்குகிறது. பின்னாளில் மாஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என இரண்டாகப் பிரிந்த மலாயன் ஏர்வேஸ் நிறுவனத்தின் முதல் பயணம், 1947 ஏப்ரல் 2 அன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் போன சார்ட்டர் பயணம். மே 1 அன்றுதான் கோலாலம்பூர், ஈப்போ வழியாகப் பினாங்குக்கு வழக்கமான சேவை தொடங்கியது. ‘சூரரைப் போற்று’ படம் பார்த்தவர்களுக்குக் கேப்டன் கோபிநாத்தைத் தெரிந்திருக்கும். அவரும் 1997இல் வாடகை ஹெலிகாப்டரில்தான் ஆரம்பித்தார். ஏர் டெக்கான் வந்தது 2003இல்.

இளம் விமானிக்குச் சார்ட்டர் நல்ல பள்ளிக்கூடமும்கூட. பாயான் லெப்பாஸ் ஓடுபாதையின் நீளம் ஏறக்குறைய 3,350 மீட்டர். தியோமான் தீவின் ஓடுபாதை சுமார் 1,000 மீட்டர்தான், பக்கத்திலேயே மலை. அங்கே விமானத்தை இறக்கப் பழகியவரின் கைப்பழக்கம் தனி. எரிபொருள் நிரப்புவதைச் சரிபார்ப்பது, எடைக் கணக்குப் போடுவது, வாடிக்கையாளரின் பெட்டியைத் தூக்கி வைப்பது என்று எல்லா வேலையும் தெரிந்துவிடும். ஆகவே சார்ட்டர் என்பதற்காக நான் ஒரு நிமிடமும் தயங்கவில்லை.

மூன்றரை லட்சம் வெள்ளி

என் கதையில் கனமான பகுதி கடன்தான். எஸ்.பி.எம். முடித்து, அடிப்படைப் படிப்பையும் முடித்து, 2018இல் விமானப் பயிற்சியில் சேர்ந்தேன். கட்டணம், தங்குமிடம், தேர்வுச் செலவு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய மூன்றரை லட்சம் வெள்ளி ஆனது. வீட்டை மறு அடமானம் வைத்து வாங்கிய வங்கிக் கடன் 2 லட்சத்து 80 ஆயிரம். அதற்கு மாதத் தவணை 2,100 வெள்ளிக்கு மேல். பெரியப்பா 30 ஆயிரம் கொடுத்தார். மீதி அம்மாவின் நகையும் அப்பாவின் சேமிப்பும்.

2019 அக்டோபரில் உரிமம் கிடைத்தது. என் குறிப்பேட்டில் இருந்தது வெறும் 200 மணி நேரப் பறப்பு. பயிற்சி முடித்து வெளியே வரும் எல்லாரிடமும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். பெரிய விமானத்தில் கேப்டன் ஆவதற்கான உயர்நிலை உரிமத்துக்கு 1,500 மணி வேண்டும். அந்த 1,300 மணியைச் சம்பாதிக்க முதலில் யாராவது வேலை தர வேண்டும். நான் விண்ணப்பக் கடிதங்களை அனுப்பிக்கொண்டிருந்தபோது, 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பல்லாயிரம் மணி பறந்தவர்களே வேலை இழந்து நின்றார்கள். 200 மணிக்காரனை யார் கேட்பார்கள்?

வேலை இல்லாவிட்டாலும் உரிமத்தை உயிரோடு வைத்திருக்கச் செலவு செய்தே ஆக வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சோதனை ஆண்டுதோறும் உண்டு. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தொழிற்சாலையில் 12 மணி நேர வேலை பார்த்து அந்தப் பணத்தைச் சேர்த்தேன். ஓய்வு நேரத்தில் வெளியே வந்து நின்றால், பக்கத்து ஓடுபாதையில் இறங்கும் விமானங்களின் சத்தம் கேட்கும்.

இந்த நிலையில்தான் அந்த மின்னஞ்சல் வந்தது. அடிப்படைச் சம்பளம் 3,000 வெள்ளி. பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் தனிப்படி. அவர்களுடைய விமான வகைக்கான பயிற்சியை அவர்களே தருவார்கள். பதிலுக்கு மூன்றாண்டு போண்ட். இடையில் விலகினால் 1 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளி கட்ட வேண்டும்.

“கையெழுத்துப் போட்டுட்டு வா” என்றார் அப்பா. வேறு என்ன சொல்வார்?

நான்காம் நாள்

ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்னதாக, லங்காவியிலிருந்து சுபாங் நோக்கி வந்த சிறிய பீச்கிராஃப்ட் ஜெட் விமானம் ஷா ஆலம், எல்மினா அருகே சாலையில் விழுந்து தீப்பிடித்தது. சுபாங்கில் தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தன. பகாங் ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவர் உட்பட விமானத்தில் இருந்த எட்டுப் பேரும், சாலையில் போய்க்கொண்டிருந்த இருவரும் உயிரிழந்தனர். சாலையில் போனவர்களில் ஒருவர் காரிலும் மற்றவர் மோட்டார் சைக்கிளிலும் போனவர்கள்.

அந்தக் காணொளி எங்கள் குடும்பக் குழுவுக்கும் வந்தது. மூன்று நாளுக்கு முன் வாழ்த்துச் சொன்ன அதே குழு அமைதியாகிவிட்டது. அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “நீ ஓட்டப் போறது இந்த மாதிரி சின்ன பிளேன்தானா?”

நான் சேர இருந்த நிறுவனத்துக்கும் அந்த விபத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. விமான வகையும் வேறு. அதை விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டார், ஆனால் சாப்பிடவில்லை.

விபத்துப் புலனாய்வின் இறுதி அறிக்கை ஓராண்டு கழித்து வந்தது. இறக்கையின் மேல் இருக்கும், தூக்குவிசையைக் குறைக்கும் பலகைகள் சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் விரிய வேண்டும். அவை வானிலேயே விரிந்துவிட்டன என்பதுதான் அறிக்கை சொன்ன காரணம். ஆனால் 2023இல் அந்த வியாழக்கிழமை இரவு யாருக்கும் ஒன்றும் தெரியாது. என் கையில் மூன்று நாள் மீதம் இருந்தது.

கோப்பிக் கடையில் கிடைத்த கேள்வி

வெள்ளிக்கிழமை மாலை, ஓய்வு பெற்ற கேப்டன் ஒருவரைப் பூலாவ் தீக்குஸ் கோப்பிக் கடையில் சந்தித்தேன். பெரியப்பாவுக்குப் பழக்கமானவர். முப்பது ஆண்டுக்கு மேல் பறந்தவர். நான் விமான வகை, அதன் வயது, சம்பளம், போண்ட் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தே ஓவைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

“எல்லாம் சரி தம்பி. அங்க ஒரு பைலட், ‘இன்னைக்கு என்னால பறக்க முடியாது’ன்னு சொன்னா அவனுக்கு என்ன நடக்கும்?”

“தெரியல அங்கிள்.”

“அத முதல்ல தெரிஞ்சுக்க. பிளேன பத்தி அப்புறம் பேசலாம்.”

பிறகு அவர் விளக்கியது இதுதான். விமானத்தின் கேப்டனே இறுதி முடிவு எடுப்பவர் என்பது உலக விமான விதி. ஐ.நா.வின் ஐ.சி.ஏ.ஓ. அமைப்பு அதை எழுதியே வைத்திருக்கிறது. வானிலை சரியில்லை, உடல் களைத்திருக்கிறது, விமானத்தில் கோளாறு இருக்கிறது என்றால் பறக்க மறுக்கும் உரிமை விமானிக்கு உண்டு. பெரிய நிறுவனத்தில் அந்த மறுப்பைத் தாங்க ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது. ஒருவர் களைத்துப் போனால் மாற்று விமானி வருவார். ஒரு விமானம் பழுதானால் இன்னொன்று வரும். கோபப்படும் பயணியை விமானி நேரில் பார்க்க வேண்டியதில்லை.

சார்ட்டரில் இவ்வளவும் கிடையாது. மூன்று நான்கு விமானம், பத்துப் பன்னிரண்டு விமானி. முழு வாடகை கட்டியவர் விமானத்தின் வாசலிலேயே நிற்பார். அவருடைய கூட்டம் நான்கு மணிக்கு. முதலாளி தொலைபேசியில் இருப்பார். அந்த இடத்தில் நின்று ‘முடியாது’ என்று சொல்வது விதியைப் படிப்பது போல் சுலபமில்லை.

“பைலட்டே முதலாளியா இருந்தா அவனுக்கு அவனே ‘முடியாது’ன்னு சொல்லிக்கணும். அது இன்னும் கஷ்டம்” என்றவர், 2016 நவம்பர் 28 விபத்தை நினைவூட்டினார். பிரேசிலின் சாப்பெகோயென்ஸ் காற்பந்துக் குழுவை ஏற்றிக்கொண்டு பொலிவியாவிலிருந்து கொலம்பியாவின் மெடலின் நகருக்குப் பறந்த லாமியா நிறுவனத்தின் சார்ட்டர் விமானம் அது. அந்த விமானத்தின் எரிபொருள் தாங்கும் தூரமும் பயணத் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். வழியில் இறங்கி நிரப்பியிருக்க வேண்டும். நிரப்பவில்லை. தரையிறங்கும் முன்பே எரிபொருள் தீர்ந்து, விமானம் மலையில் மோதியது. 77 பேரில் 71 பேர் இறந்தனர். அந்த விமானி நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒருவர்.

அன்று இரவு பேருந்தில் வரும்போது என் கடன் கணக்கு வேறு மாதிரி தெரிந்தது. மாதம் 2,100 வெள்ளி வங்கிக்கு. விலகினால் 1 லட்சத்து 20 ஆயிரம். சம்பளத்தில் பெரும் பங்கு பறந்த மணிக்குத்தான். அதாவது நான் ‘முடியாது’ என்று சொல்லும் ஒவ்வொரு நாளும் என் பையிலிருந்து பணம் போகும். வேலையை விட்டால் வீடே போகும். சட்டம் எனக்குக் கொடுத்த உரிமையைக் கடன் எடுத்துக்கொண்டுவிடும்.

‘நாங்கள் ரத்து செய்ததே இல்லை’

சனிக்கிழமை அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். நேர்காணலில் என்னைத் தேர்ந்தெடுத்த மூத்த அதிகாரி நட்பாகவே பேசினார். என் கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். கடந்த ஆறு மாதத்தில் வானிலை காரணமாக எத்தனை பயணங்களை ரத்து செய்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் பெருமையாகச் சொன்னார்: “நாங்கள் ரத்து செய்ததே இல்லை. அதற்காகத்தான் வாடிக்கையாளர்கள் எங்களிடம் வருகிறார்கள்.”

மலாக்கா நீரிணையின் கரையில் வளர்ந்தவன் நான். ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்ராஸ்’ எனப்படும் சூறைக்காற்று விடியற்காலையில் மேற்குக் கரையை எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த வானத்தில் ஆறு மாதம் பறந்து ஒரு பயணத்தைக்கூட ரத்து செய்யவில்லை என்றால், ஒன்று அவர்களுக்கு அதிர்ஷ்டம், அல்லது அங்கே யாரும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை.

போண்ட் பற்றியும் கேட்டேன். இரண்டரை ஆண்டு வேலை செய்துவிட்டு விலகினாலும் முழுத் தொகையா? ஆமாம். நிறுவனமே என்னை நீக்கினால்? அதற்கும் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற பதில்தான்.

ஞாயிறு இரவு அப்பாவிடம் சொன்னேன், நான் சேரப் போவதில்லை என்று. அவர் திட்டவில்லை. ‘சரிப்பா’ என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். பிறகு இரண்டு வாரம் எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. உறவினர்கள் பேசியது அதில் பாதிகூட இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான் மறுத்த அந்த நிறுவனம் இன்றும் பறந்துகொண்டிருக்கிறது. விபத்து எதுவும் நடக்கவில்லை. நடக்கவும் கூடாது. எனக்குப் பதிலாகச் சேர்ந்தவன் என்னோடு பயிற்சி பெற்ற நண்பன். அவன் குறிப்பேட்டில் இன்று 1,300 மணி இருக்கிறது. என்னிடம் 850. நான் எடுத்த முடிவு சரி என்று காட்ட என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. அந்த வாரம் தெரிந்ததை வைத்து முடிவு எடுத்தேன், அவ்வளவுதான்.

பெரிய பெயர் போதுமா?

‘பேசாமல் அட்டவணை நிறுவனத்துக்கே காத்திரு, அதுதான் பாதுகாப்பு’ என்று அப்போது பலர் அறிவுரை சொன்னார்கள். இரண்டே மாதத்தில் அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. 2022 டிசம்பர் 1 அன்று பறக்கத் தொடங்கிய மைஏர்லைன், 2023 அக்டோபர் 12 அன்று நிதி நெருக்கடி என்று சொல்லித் திடீரெனச் சேவையை நிறுத்தியது. பயணிகள் விமான நிலையத்தில் தவித்தார்கள். ஓராண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன் ரயானி ஏர் 2015 டிசம்பரில் தொடங்கி, 2016 ஜூனில் உரிமத்தையே இழந்தது. மாஸ் நிறுவனமும் 2015 மறுசீரமைப்பில் சுமார் 6,000 பேரைக் குறைத்தது.

அட்டவணை நிறுவனமா, சார்ட்டரா என்பதை வைத்து மட்டும் நல்லது கெட்டதைப் பிரிக்க முடியாது என்று இதிலிருந்து புரிந்துகொண்டேன். நிறுவனத்தை நிறுவனமாகப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்

வாய்ப்புக் கடிதம் கையில் வைத்திருக்கும் இளைஞர்களே, கீழுள்ளவற்றைக் கேளுங்கள். கேட்பதற்காக வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நிறுவனம் என்றால், அதுவே உங்களுக்குப் பதில்.

1. அனுமதி: ஏ.ஓ.சி. சான்றிதழும் ஏ.எஸ்.பி. அனுமதியும் நடப்பில் உள்ளனவா? நீங்கள் ஓட்டப் போகும் விமான வகை அந்தச் சான்றிதழில் இருக்கிறதா?

2. ரத்து: அண்மையில் எந்தப் பயணத்தை, எந்தக் காரணத்துக்காக ரத்து செய்தார்கள்? முடிவு எடுத்தது யார்? அந்த விமானி இன்னும் அங்கே வேலையில் இருக்கிறாரா? முடிந்தால் அங்குள்ள விமானி ஒருவரிடமே கேளுங்கள்.

3. சம்பளம்: நிலையான பங்கு எவ்வளவு, மணிக்கணக்குப் பங்கு எவ்வளவு? நிலையான சம்பளத்தில் உங்கள் கடன் தவணையும் சாப்பாடும் அடங்க வேண்டும். அடங்காவிட்டால், பறக்கக் கூடாத நாளிலும் பறக்கத் தோன்றும்.

4. போண்ட்: வேலை செய்த மாதத்துக்கு ஏற்பத் தொகை குறையுமா? நிறுவனம் மூடினாலோ உங்களை நீக்கினாலோ என்ன ஆகும்? வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துக்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்ட ஆகும் செலவு, அந்தத் தொகையோடு பார்த்தால் மிகச் சிறியது.

5. பயிற்சி: தொடக்கப் பயிற்சிக்குப் பிறகு, ஆண்டுக்கு இருமுறை நடக்க வேண்டிய திறன் சோதனை எங்கே, எதில் நடக்கிறது? உங்களோடு பக்கத்தில் உட்காரும் கேப்டன்கள் அந்த வகையில் எவ்வளவு பறந்தவர்கள்?

6. ஓய்வு: ‘எப்போது கூப்பிட்டாலும் வர வேண்டும்’ என்று காத்திருக்கும் நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? 28 நாளில் 100 மணிக்கு மேல் பறக்கக் கூடாது என்பது பல நாடுகளில் உள்ள வரம்பு. ஆனால் களைப்பு பறக்கும் நேரத்தில் மட்டும் வருவதில்லை.

இன்னும் பயிற்சியிலேயே சேராத மாணவர்களுக்கும் ஒரு சொல். பெரும்பாலான கழகங்கள் எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலம், கணிதம், ஓர் அறிவியல் பாடம் உட்பட ஐந்து கிரெடிட் கேட்கின்றன. அது இருந்தால் போதும் என்று பணத்தைக் கட்டிவிடாதீர்கள். முதலில் முதல் வகுப்பு மருத்துவச் சோதனையில் தேறுங்கள். பிறகு வீட்டில் உட்கார்ந்து, வேலை இல்லாமல் மூன்று ஆண்டு இந்தக் கடனைக் கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் சிறிய கடனுக்கு வழி தேடுங்கள், அல்லது கொஞ்சம் சேமித்துவிட்டுச் சேருங்கள். 65 வயது வரை பார்க்கக்கூடிய தொழில் இது. இரண்டு ஆண்டு தாமதம் பெரிய நஷ்டமில்லை.

மேடான் போகாத காலை

அந்த மறுப்புக்கு எட்டு மாதம் கழித்து, 2024 ஏப்ரலில் இன்னொரு சார்ட்டர் நிறுவனத்தில் சேர்ந்தேன். இங்கே மணிப்படி குறைவு. ஆனால் நிலையான சம்பளம் என் தவணையைத் தாங்குகிறது. போண்ட் மாதாமாதம் குறைகிறது. நேர்காணலில் ரத்துப் பற்றிக் கேட்டபோது, தலைமை விமானி ஒரு கோப்பைத் திறந்து கடைசி மூன்று ரத்துகளையும் காரணத்தோடு படித்துக் காட்டினார். அந்த மூன்றில் ஒன்று அவரே செய்தது.

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலை, மேடானிலிருந்து ஒரு நோயாளியைப் பினாங்கு மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. பறந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நீரிணையின் மேல் சூறைக்காற்று வரிசை கட்டி நின்றது. ராடார் படம் முழுக்கச் சிவப்பு. கேப்டன் என்னைப் பார்த்து, “நீ என்ன நினைக்கிறாய்?” என்றார். வேண்டாம் என்றேன். என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது.

நோயாளியின் மகன் தொலைபேசியில் அழுதார். அவர் குரலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ‘முடியாது’ என்று சொல்வதை வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று அது அப்படி இல்லை. மறுமுனையில் ஒருவருடைய அப்பா படுத்திருந்தார். இரண்டரை மணி நேரம் கழித்து வானம் விலகியது. போனோம், அவரை அழைத்து வந்தோம். ஆம்புலன்ஸ் கதவு மூடியதோடு எங்கள் வேலை முடிந்தது. அலுவலகத்தில் யாரும் எங்களை ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. எங்கள் பெயரும் காரணமும் அந்தக் கோப்பில் ஏறின.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, “அந்தப் பழைய கம்பெனியா இருந்தா?” என்றார்.

“தெரியலப்பா” என்றேன். உண்மையும் அதுதான். அங்கேயும் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாதம் 2,100 வெள்ளியும் 1 லட்சத்து 20 ஆயிரமும் தலைக்கு மேல் நிற்க, 200 மணி மட்டுமே பறந்த ஒரு பையன் அதைச் சொல்லியிருப்பான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சாப்பிட்டுப் படு. நாளைக்கு வேலை இருக்குல்ல?” என்றார். இருந்தது. காலை ஆறு மணிக்கு.